நான்காம் கூறு நாமே
கருப்பை அறுவைக்குப் பின் இல்லத்தார் கடமை

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற நல்வாழ்வுக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா ஆண்டில் உரையாற்ற வருமாறு சங்கத்தார் என்னைப் பணித்தபோது, தலைமையாசிரியன் கல்வியைப் பற்றித்தான் பேசுவான் என்று எண்ணியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கருப்பை அறுவை செய்துகொண்ட பெண் வீடு திரும்பிய பிறகு அவளை எவ்வாறு பேணுவது என்பதே அது. ஆண்கள் நிறைந்த அவையில் இதைப் பேசலாமா என்று நண்பர் இருவர் தயங்கினர். ஆண்கள் நிறைந்திருப்பதனால்தான் பேசவேண்டும் என்று அவர்களுக்கு விடையிறுத்தேன்.

நான் மருத்துவன் அல்லன், பி.ஏ., பி.எட். படித்த பள்ளி ஆசிரியன். மருத்துவர்களைக் கேட்டும், நூல்களைப் படித்தும், என் குடும்பத்தில் பட்டும் அறிந்தவற்றையே சொல்லப் போகிறேன். ஒவ்வொருவர் உடலுக்கும் உரிய அறிவுரையை அறுவை செய்த மருத்துவரே தரவல்லார். என் சொல் அதற்கு மாற்று அன்று.

என் தமக்கையின் கதை

இந்த அவையின் மூன்றாம் வரிசையில் என் அக்கா அமர்ந்திருக்கிறார். அவருடைய ஒப்புதலைப் பெற்றுத்தான் இதைச் சொல்கிறேன். நாற்று நட்டும் களை எடுத்தும் அவர் ஈட்டிய கூலியில் என் கல்லூரிப் படிப்பின் பெரும்பகுதி நடந்தது. 2006ஆம் ஆண்டு, அவருடைய 44ஆம் அகவையில், நீண்ட நாள் பெரும்பாட்டினால் இரத்தம் குன்றி, வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்ற நேர்ந்தது. அறுவை நல்லபடியாகவே முடிந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்தார்கள். அது மாத்திரைப் பொட்டலத்தோடு மஞ்சள் பைக்குள் போயிற்று. பை ஆணியில் தொங்கிற்று.

பட்டதாரித் தம்பியாகிய நான் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் புட்டியும் வாங்கிச் சென்று, அரைமணி நேரம் அமர்ந்து, "உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினாறாம் நாள் விடியற்காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. மாமா வேலைக்குப் போய்விட்டார். பதினெட்டு வயது மகன் உறங்கிக்கொண்டிருந்தான். அக்கா எழுந்து போய் நான்கு குடம் நீர் சுமந்தார். அன்று மாலையே தையலின் கீழ்முனை விட்டுக் கசியத் தொடங்கிற்று. மீண்டும் பதினொரு நாள் மருத்துவமனை. இரண்டாண்டு கழித்து அதே வடுவின் வழியே குடலிறக்கம். அதற்கு மற்றோர் அறுவை.

இரண்டாம் முறை மருத்துவமனையில் இருந்தபோதுதான் அந்தச் சீட்டை நான் எடுத்துப் படித்தேன். மூன்றாவது வரியில் எழுதியிருந்தது: ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது. ஆங்கிலத்தில் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்துபோனவர்களுள் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அந்தப் படிப்புக்குக் கூலி கொடுத்தவர் படுக்கையில் கிடந்தார். இந்த உரைக்கு அதுவே காரணம்.

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பிழையின்றிப் பேணுபவரையும் நான்காவதாகச் சேர்த்து எண்ணுகிறார். முதல் மூன்றும் என் அக்காவுக்குக் குறைவின்றி இருந்தன. நான்காம் கூறு இல்லை. அந்த நான்காம் கூறு மருத்துவமனையில் கிடைப்பதன்று, அது நாம்தான்.

உள்ளே நடந்தது என்ன?

கருப்பையை மூன்று வழிகளில் அகற்றுகிறார்கள். வயிற்றைத் திறப்பது ஒன்று. பெண்ணுறுப்பின் வழியே எடுப்பது மற்றொன்று. சிறு துளைகள் இட்டுக் கருவி செலுத்தி எடுப்பது மூன்றாவது. முதல் முறையில் தேறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மற்ற இரண்டிலும் நடமாட்டம் விரைவில் வந்துவிடும். அதுவே ஏமாற்றுவதும் ஆகும். வெளியே தழும்பு சிறிதாக இருப்பதனால் உள்ளேயும் காயம் சிறிது என்று நாம் கருதிவிடுகிறோம். கருப்பையை முழுமையாக எடுத்தபின், எம்முறையாயினும், பெண்ணுறுப்பின் மேல்முனை உள்ளே தைத்து மூடப்பட்டிருக்கும். அந்தத் தையல் கூடிவர வாரங்கள் ஆகும். பத்தாம் நாள் முகம் தெளிந்துவிட்டது என்று பதினோராம் நாள் களை எடுக்க அனுப்புவது, சாந்து உலராத சுவரின்மேல் கூரை ஏற்றுவதை ஒக்கும்.

பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தில் நீரின் எடை மட்டும் 15 கிலோ. அதைத் தூக்கும்போது வயிற்றினுள் எழும் அழுத்தம் முழுவதும் தையலின்மீது விழுகிறது. ஆகவே குடம், விறகுக்கட்டு, புல்லுக்கட்டு, அரிசி மூட்டை, அம்மி, ஈரத் துணி நிறைந்த வாளி, இடுப்பில் பேரக்குழந்தை ஆகிய எதுவும் ஆறு வாரத்துக்கு ஆகாது. அதன் பிறகும் சிறிது சிறிதாகவே பழக வேண்டும். குந்தி அமர்ந்து நெடுநேரம் பாத்திரம் துலக்குவதும் துணி துவைப்பதும் அவ்வாறே.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பதும் அன்று. படுத்துக் கிடந்தால் காலின் நரம்புகளில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே கேடு. ஆதலால் மருத்துவர் சொன்ன நாளிலிருந்தே எழுந்து நடக்க வேண்டும். முதல் நாள் கட்டிலைச் சுற்றி, பிறகு வாசல்வரை, பிறகு தெருமுனைவரை. நடை மருந்து, சுமை நஞ்சு. இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதி கடமை முடிந்தது.

பொதுவாக வரும் தொல்லைகள்

சில தொல்லைகள் அறுவைக்குப் பின் இயல்பாக வருவன. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது வலி. நம் பெண்கள் வலியைச் சொல்லாமல் பொறுப்பதைப் பெருமையாகக் கருதுகிறார்கள். வலிக்கு அஞ்சி மூச்சை அடக்கினால் நெஞ்சில் சளி தங்கும். நடக்காமல் இருந்தால் இரத்தம் உறையும். எனவே எழுதித் தந்த வலி மாத்திரையை உரிய வேளையில் கொடுப்பது நலம். இருமும்போதும் தும்மும்போதும் சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் தையல் இழுக்காது. துளையிட்டுச் செய்த அறுவையில் தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவே காரணம். சில நாளில் அடங்கிவிடும்.

உழைக்கும் பெண்ணுக்கு வலி தெரியாது என்னும் எண்ணம் பழையது, கொடியது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் 1845 முதல் 1849 வரை கறுப்பின அடிமைப் பெண்களின்மீது அறுவைகள் செய்து பழகினார். பேறுகாலக் கிழிசலால் ஓயாது சிறுநீர் கசிந்த பெண்கள் அவர்கள். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்னும் மூவர் பெயர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. மயக்க மருந்து இன்றியே அவை செய்யப்பட்டன. அனார்க்காவுக்கு மட்டும் முப்பது முறை. அந்த மருத்துவருக்கு நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா ஓரத்தில் நின்ற சிலையை 2018ஆம் ஆண்டில் அகற்றினார்கள். அடிமைப் பெண்ணின் வலியை எவரும் வலியாக எண்ணாததே இதற்கு அடிப்படை. நம் வீட்டுக்குள் அதே எண்ணம் வேறு உருவில் இருக்கலாகாது.

இரண்டாவது, உதிரக் கசிவு. சில வாரங்களுக்குச் சிறிதளவு பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ கசியலாம். தூய பஞ்சுப் பட்டைகளை வெளியே அணிவதே முறை. உள்ளே எதையும் வைத்தல் கூடாது.

மூன்றாவது, மலச்சிக்கல். மயக்க மருந்து, வலி மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை ஆகியவை குடலை மந்தப்படுத்தும். முக்கினால் தையலுக்கு இடர். நீர் மிகுதியாகப் பருகுதல், கீரை, வாழைப்பழம், கொய்யா, நடை ஆகியவையே தீர்வு. போதாவிடில் மருத்துவரிடம் மிதமான மருந்து கேட்கலாம்.

நான்காவது, களைப்பு. காலையில் தெம்பாக இருப்பார்; நண்பகலில் சோர்ந்து விழுவார். இது சோம்பல் அன்று. நெடுநாள் உதிரம் போனவருக்கு இரத்தம் ஊறக் காலம் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடும் பாலோடும் தராமல், எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தால் நன்கு சேரும்.

ஐந்தாவது, வடுவைச் சுற்றி மரத்துப் போதலும் அரிப்பும். மாதக் கணக்கில் நீடித்தாலும் பெரும்பாலும் தாமே குறையும். காயத்தின்மேல் மஞ்சளோ, எண்ணெயோ, சாம்பலோ பூசலாகாது. தூய்மையும் ஈரமின்மையுமே அதற்கு மருந்து.

ஆறாவது, இருமும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் சொட்டுதல். இதற்கு எளிய பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவது போல அடித்தசைகளை இறுக்கி, சில நொடி நிறுத்தி, தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை. நாளுக்கு மூன்று வேளை. மருத்துவர் தொடங்கச் சொல்லும் நாளிலிருந்து மாதக் கணக்கில் விடாது செய்தால் பயன் தெரியும். எவரும் அறியாமல் அமர்ந்த இடத்திலேயே செய்யலாம்.

பத்தியம் என்னும் பட்டினி

தண்ணீர் குடித்தால் புண் சீழ் பிடிக்கும், முட்டையும் மீனும் ஆகா என்று நம் மூதாட்டியர் அன்போடு தடுப்பர். அன்பு மெய், கருத்துப் பிழை. கிழிந்த தசை கூடிவரப் புரதம் வேண்டும். அறுவைக்குப் பின் உணவு தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் முட்டை, மீன், பருப்பு, பயறு, பால், கீரை எல்லாம் தரலாம். சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்க்கு மட்டும் மருத்துவர் வகுத்தபடி. என் அக்கா பதினாறு நாளும் கஞ்சியும் சுட்ட அப்பளமும் தின்றார். தையல் விட்டதற்குக் குடம் மட்டும் காரணமன்று என்று மருத்துவர் பின்னர்ச் சொன்னார்.

அஞ்ச வேண்டிய அறிகுறிகள்

இளைஞர்களே, பின்வருவனவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொடுதல், தையல் சிவந்து வீங்குதல், சீழ் வைத்தல், வாய் பிளத்தல், ஒரு மணி நேரத்தில் ஒரு பஞ்சுப் பட்டை முழுதும் நனையும் அளவுக்குச் செந்நிற உதிரம், துர்நாற்றமுள்ள கசிவு, வயிறு உப்பி ஓயாத வாந்தி, சிறுநீர் இறங்காமை, அல்லது அறியாமலே இடைவிடாது ஒழுகுதல். இவற்றுள் ஒன்று தோன்றினும் மறுநாள் பார்ப்போம் என்னாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தால் அதுவும் அன்றே காட்ட வேண்டியது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ தோன்றினால் ஒரு நிமிடமும் தாழ்க்காமல் 108ஐ அழையுங்கள்.

அகற்றிய கருப்பையைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அந்தப் பயாப்சி அறிக்கையைத் தவறாது வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். காயம் ஆறிவிட்டது என்று அதை விட்டவர்கள் புற்றுநோயைக் காலங்கடந்து அறிந்ததுண்டு.

சூலகமும் மனமும்

கருப்பையோடு இரு சூலகங்களையும் எடுத்தார்களா என்பதைக் கட்டாயம் கேட்டு அறியுங்கள். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு அவற்றை எடுத்துவிட்டால், ஆண்டுக் கணக்கில் மெல்ல வரவேண்டிய மாற்றம் சில நாள்களில் வந்துவிடும். திடீரென உடல் கொதித்து வியர்த்தல், உறக்கமின்மை, படபடப்பு, பெண்ணுறுப்பு உலர்தல் ஆகியவை தோன்றும். நாளடைவில் எலும்பு தேயும். இதய நோய்க்கும் வாய்ப்பு மிகும். இதற்கு மருத்துவம் உண்டு. ஹார்மோன் மருந்து ஏற்குமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நம் பாட்டன்மார் உண்ட அந்தக் களியை ஏழையின் உணவென்று ஒதுக்காதீர்கள்.

அடுத்தது மனம். காரணமின்றி அழுகை வரும், சினம் வரும். "நான் இனிப் பெண்ணில்லை" என்று என் அக்கா ஒருநாள் அண்டை வீட்டாரிடம் சொன்னாராம். கருப்பை கருவைத் தாங்கும் உறுப்பு; பெண்மை அதற்குள் குடியிருக்கவில்லை. இதைச் சொல்ல வேண்டியவர் கணவர். மணமான தோழர்களுக்கு ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். ஏறத்தாழ ஆறு வாரம், மருத்துவர் உள்தையலைப் பார்த்து ஒப்பும்வரை, தாம்பத்திய உறவு கூடாது. ஒப்பிய பிறகு அதனால் தீங்கு ஏதும் இல்லை. அதுவரை பொறுப்பது கணவரின் ஈகை அன்று, கடமை. அழுகையும் துயரமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் நோயாகக் கருதி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேண்டாத அறுவை

பேணுவதைச் சொல்லும்போது, வேண்டாத அறுவையைத் தடுப்பதையும் சொல்ல வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர் கருப்பையை இழந்துள்ளனர். மகாராட்டிர மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே இந்த எண்ணிக்கை மிகப் பெருகியிருப்பது 2019இல் வெளிப்பட்டு, அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. மாதவிடாய் நாள்களில் வேலைக்கு வராவிடில் கூலி பிடிக்கப்படும் என்னும் அச்சமும் அங்கே ஒரு காரணம். இத்தகைய அறுவைகளைக் கண்காணிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. பாதிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்புப் பெண்கள் என்பது அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது.

புற்றுநோய்க்கும், வேறு வழியில்லாத கட்டிக்கும், நிற்காத உதிரப்போக்குக்கும் இந்த அறுவை உயிர் காக்கும். அதை அஞ்சித் தள்ளிப்போடுதல் தவறு. ஆனால் வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது என்ற அளவில் ஒருவர் "எடுத்துவிடலாம்" என்றால், நான்கு கேள்விகள் கேளுங்கள். நோய் என்ன? மாத்திரையாலோ வேறு முறையாலோ தீராதா? எவ்வழியில் அறுவை? சூலகத்தைக் காக்க முடியுமா? அவசரம் இல்லாதபோது, அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்தும் கேளுங்கள்.

என் வீட்டுச் சுவரில்

2018ஆம் ஆண்டில் என் மனைவிக்கு இதே அறுவை நடந்தது. சீட்டை வாங்கியதும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பள்ளிக் கால அட்டவணை போல ஆறு வாரத்துக்கும் வேலைப் பங்கீடு வரைந்தேன். நீர் பிடிப்பது மகன். சோறு வடிப்பது நான். துணி துவைப்பது இருவரும். முதல் வாரம் என் குழம்பில் உப்பு மிகுந்தது. மூன்றாம் வாரம் சரியாயிற்று. ஆறு வாரமும் அவர் ஒரு குடம் தூக்கவில்லை. தழும்பு தவிர வேறு வடு இல்லை. எனக்கு மாதச் சம்பளம் உண்டு, விடுப்பு உண்டு. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இது எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்பது நியாயம்.

பெண் தொழிலாளர்க்குப் பேறுகால ஓய்வும் உதவித்தொகையும் வேண்டும் என்று 1928ஆம் ஆண்டு பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் வாதாடினார். பெண்ணின் ஓய்வு சலுகை அன்று, சமுதாயத்தின் நலன் என்பது அவர் நிலை. அந்த வழியில் நம் சங்கத்தின் இளைஞர் அணிக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் தெருவில் எந்தத் தாய் அறுவை முடிந்து வந்தாலும், ஆறு வாரம் அந்த வீட்டுக்குக் குடிநீர் கொண்டுவந்து வைக்கும் பொறுப்பை முறை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். பத்து இளைஞர்களும் விடியற்காலையில் எழும் மனமும் போதும். சீட்டைப் படித்து, தமிழில் எழுதி, சுவரில் ஒட்டிக் கொடுங்கள். மறுபரிசோதனை நாளன்று உடன் செல்லுங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்திருக்கிறது. அந்த எழுத்தைக் கொண்டு நாம் முதலில் படிக்க வேண்டியது நம் தாயின் கையிலுள்ள சீட்டு. நான் அதைப் பிந்திப் படித்தவன். இங்கே வருமுன் அக்காவிடம், "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன். "தண்ணி வர்ற நேரத்துல புள்ளைங்கள எழுந்திரிக்கச் சொல்லு" என்றார். அதையே உங்களிடம் ஒப்படைத்து அமைகிறேன்.